அழுக்குக்கும் பேனுக்கும் என்ன சம்பந்தம்?

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருவில் ஒரு நெசவாளியின் மகள், ஐந்தாம் வகுப்பு. தலையில் பேன் இருக்கிறதென்று போன வாரம் அவளைக் கடைசி பெஞ்சில் தனியே உட்கார வைத்துவிட்டார்கள். டைரியில் ஒரு வரி: ‘பிள்ளையைச் சுத்தமாக அனுப்பவும்.’ அதைப் படித்துவிட்டு அவள் அம்மா தலை குனிந்து நின்றதைப் பார்த்ததிலிருந்து எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

பட்டில் ஒரு எண்ணெய்க் கறை பட்டால் கூலியில் கை வைத்துவிடுவார்கள் என்று, தறியில் உட்காருமுன் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுகிற வீடு அது. அந்த வீட்டுக்கா சுத்தம் சொல்லித் தருகிறீர்கள்?

பேன் அழுக்கைத் தின்பதில்லை, ரத்தம் குடிக்கிறது. சீயக்காய் தேய்த்துக் குளித்த தலையிலும் ரத்தம் உண்டு. அதற்குப் பறக்கத் தெரியாது, குதிக்கத் தெரியாது. தலையோடு தலை ஒட்டினால் ஊர்ந்து ஏறும். நாலு சிறுமிகள் ஒரே புத்தகத்தின் மேல் குனிந்து படித்தால் போதும்.

இஸ்ரேலில் லாகீஷ் என்ற பழைய நகரத்தைத் தோண்டியபோது ஒரு சின்னச் சீப்பு கிடைத்தது. யானைத் தந்தத்தில் செய்தது, ஏறத்தாழ 3,700 ஆண்டுப் பழசு. அதில் கீறியிருந்த 17 எழுத்துகளைப் படித்து 2022இல் வெளியிட்டார்கள். தலைமுடியிலும் தாடியிலும் இருக்கும் பேனை இந்தத் தந்தம் ஒழிக்கட்டும் என்ற வேண்டுதல் அது. சீப்பின் பல்லில் பேனின் மிச்சமும் ஒட்டியிருந்தது. அந்த ஊரில் யானை கிடையாது. தந்தத்தை வெளியிலிருந்துதான் வரவழைக்க வேண்டும். அப்படி ஒரு சீப்பு வைத்திருந்தவன் அன்றாடங்காய்ச்சியா? தந்தச் சீப்புக்காரனையே விடாத பேன், தறிக்காரர் வீட்டை மட்டும் தேடி வருகிறதென்று எந்த முகத்தோடு சொல்கிறீர்கள்?

அழுக்கால்தான் பேன் வருகிறது என்ற இந்தப் பேச்சு, பேனை வெளியே சொல்லாமல் தாய்மாரை மறைக்க வைக்கிறது. ராத்திரியோடு ராத்திரியாகப் பிள்ளையின் தலையில் மண்ணெண்ணெய் ஊற்றுகிறார்கள். அது நெருப்போடு விளையாடுவது. சீத்தாப்பழ விதையை அரைத்துப் பூசுகிறார்கள். அது கண்ணில் பட்டால் கருவிழி புண்ணாகும். எதுவும் பலிக்காவிட்டால் இடுப்புவரை தொங்குகிற பின்னலை வெட்டிவிடுகிறார்கள். அப்பாவை யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. சுத்தத்தைப் பற்றிக் கடிதம் எழுதுகிற பள்ளியின் பெண்கள் கழிப்பறையில் மதியத்துக்கு மேல் குழாயில் தண்ணீர் வராது. அதை எந்த டைரியில் எழுதுவது?

தந்தச் சீப்புக்காரன் செய்ததுதான் இன்றைக்கும் வழி. தலையை நனைத்து, வகிடு வகிடாகப் பிரித்து, பேன் சீப்பால் வேரிலிருந்து நுனிவரை வார வேண்டும்; இரண்டு மூன்று வாரம் விடாமல். ஈர் பொரிக்க ஒரு வாரம், பத்து நாள் ஆகும். ஆகவே டாக்டர் எழுதித் தரும் பெர்மெத்ரின் மருந்தைப் போட்டாலும் ஒன்பதாம் நாள் திரும்பப் போட வேண்டும். ஒரு பிள்ளைக்கு மட்டும் பார்த்துப் பயனில்லை. பக்கத்துத் தலையிலிருந்து மறுபடி ஏறிவிடும்.

ஆகவே எழுதுவதானால் வகுப்பிலுள்ள எல்லா வீட்டுக்கும் எழுதுங்கள்: இந்த ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் பிள்ளைகளுக்குப் பேன் பாருங்கள் என்று. திங்கட்கிழமை அந்தப் பெண் தன் தோழிகளோடு பழைய பெஞ்சிலேயே உட்காரட்டும்.