மஞ்சள் விளக்கும் நொண்டி நடையும்

செம்பூரிலிருந்து நேயர் ஒருவர் எழுதியிருக்கிறார்: "வண்டியில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிகிறது. எவ்வளவு மிதித்தாலும் வேகம் ஏற மறுக்கிறது. பணிமனையில் பெருந்தொகை சொல்லுகிறார்கள். விடுமுறைக்கு ஊருக்குப் புறப்பட வேண்டும், என்ன செய்வது?"

இக்கடிதத்தைப் படித்ததும் 2019 ஆம் ஆண்டு மே மாதம் நான் பட்ட பாடு நினைவுக்கு வந்தது. அக்காள் மகளுக்குக் கும்பகோணத்தில் கலியாணம்; தாய்மாமன் நான். எழுபத்தெட்டு வயதான என் தாயாரைப் பின் இருக்கையில் அமர்த்திக்கொண்டு, சீர்வரிசைப் பெட்டியும் கையுமாக, முகூர்த்தத்திற்கு மூன்று நாட்கள் முன்னதாகவே டீசல் வண்டியில் மும்பையிலிருந்து கிளம்பினோம். புனேயைக் கடந்து கம்பாட்கி மலையேற்றத்தில் பாதி வழி சென்றிருப்போம். வண்டி திடீரென்று இளைத்துப்போயிற்று. பின்னால் கறுத்த புகை. பாரமேற்றிய லாரிகள்கூட எங்களைக் கடந்து சென்றன. "என்னடா இது, மாட்டு வண்டியே தேவலை போலிருக்கிறதே?" என்றார் தாயார்.

இதைத்தான் மெக்கானிக்குகள் 'லிம்ப் மோடு' என்கிறார்கள். நொண்டி நடை என்று நாம் சொல்லலாம். இது எஞ்சின் கெட்டுப்போனதன் அடையாளம் அன்று. கெட்டுப்போகாதிருக்க வண்டியிலுள்ள கம்ப்யூட்டர் செய்யும் ஏற்பாடு. ஏதோ ஓர் உணர்கருவி சொல்லும் கணக்கு பொருந்தவில்லை என்று கண்டதும், அது டீசலைக் குறைத்து, சுழற்சிக்கும் வரம்பு கட்டிவிடுகிறது. பாதுகாப்பான இடம் வரை ஊர்ந்து செல்லும் அளவுக்கு மட்டுமே சக்தி விட்டு வைக்கும். ஆகவே பதறிப்போய் மலைப்பாதையின் நடுவில் நிறுத்தக்கூடாது. ஆனால் எண்ணெய் விளக்கு சிவப்பாக எரிந்தாலோ, வெப்பமானி எல்லை கடந்தாலோ, ஓரங்கட்டி உடனே அணைத்துவிட வேண்டும். அது வேறு விஷயம்.

நானும் ஊர்ந்துபோய், ஓரமாக நிறுத்தி, அணைத்து, மீண்டும் முடுக்கினேன். வண்டி பழையபடி ஓடிற்று! சமவெளியில் ஒரு குறையுமில்லை. அடுத்த ஏற்றத்தில் மறுபடியும் அதே கதை.

வழியிலிருந்த பெரிய பணிமனை ஒன்றில் கருவியைப் பொருத்திப் பார்த்தார்கள். 'பி0299' என்று வந்தது. "டர்போ போய்விட்டது. புதிதாக மாற்ற நாற்பதாயிரத்துக்கு மேல் ஆகும், சாமான் வர நான்கு நாள்" என்றார் அங்கிருந்தவர். தாயாரின் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

பி0299 என்ற எண் டர்போ போய்விட்டது என்று சொல்லவே இல்லை. கம்ப்யூட்டர் கேட்ட காற்றழுத்தம் எஞ்சினுக்குள் வந்து சேரவில்லை என்றுதான் சொல்லுகிறது. வராமைக்குக் காரணம் டர்போவாக இருக்கலாம். அடைத்துப்போன காற்று வடிகட்டியாக இருக்கலாம். டர்போவை இயக்கும் சிறு வெற்றிடக் குழாய் கழன்றிருக்கலாம். டர்போவிலிருந்து எஞ்சினுக்குக் காற்றைக் கொண்டுசெல்லும் ரப்பர் குழாய் கிழிந்திருக்கலாம். எண் நோயின் பெயரன்று, நோயாளியின் முனகல். முனகலைக் கேட்டவுடன் கத்தியை எடுக்கும் வைத்தியரை யாரேனும் நம்புவார்களா?

கால் மைல் தள்ளி, தகரக் கொட்டகையில் ஒரு மராத்தி இளைஞன். எண்ணைச் சொன்னேன். "பொறுங்கள் காகா" என்று பானெட்டைத் திறந்து, குழாயின் அடிப்புறமாகக் கையை ஓட்டினான். விரல்கள் எண்ணெயும் கரியுமாக வெளிவந்தன. கிளாம்பின் ஓரத்தில் ரப்பர் பிளந்திருந்தது. சமவெளியில் அழுத்தம் குறைவு, பிளவு வாயை மூடிக்கொண்டிருந்தது. ஏற்றத்தில் அழுத்தம் மிகும்போது அது திறந்து காற்று வெளியேறியது. காற்றின்றி எரியாத டீசலே கறுத்த புகையாயிற்று. பிளந்த நுனியை ஒரு விரற்கடை வெட்டிவிட்டுப் புதிய கிளாம்ப் போட்டு இறுக்கினான். கூலி முந்நூறு ரூபாய். கும்பகோணம் போய்ச் சேர்ந்தபின் குழாயையே மாற்றிக்கொண்டேன்.

இந்த எண்களைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். நம் நாட்டில் 2013 ஏப்ரல் முதல் கார்களுக்கு இம்முறை முழு அளவில் கட்டாயமாயிற்று. ஓட்டுநரின் முழங்காலுக்கு மேலே, டாஷ்போர்டின் அடியில், பதினாறு துளைகளுள்ள ஒரு சொருகி இருக்கும். எண்ணைப் படிக்கும் சிறு கருவி சில நூறு ரூபாயிலேயே கிடைக்கிறது; கைப்பேசியில் பார்த்துக்கொள்ளலாம். எஞ்சின், கியர் சம்பந்தமான எண்கள் ஆங்கிலப் 'பி'யில் தொடங்கும். (உடற்பகுதிக்குரிய எழுத்தும் நம் லிபியில் 'பி'யே ஆகிவிடுவதால், குறித்துக்கொள்ளும்போது ஆங்கில எழுத்திலேயே குறியுங்கள்.) பி0301 என்றால் முதல் சிலிண்டர் சரியாக எரியவில்லை. பி0171 என்றால் காற்று மிகுதி, பெட்ரோல் குறைவு. இதற்கு ஆக்சிஜன் உணர்கருவியை மாற்றிப் பணம் இழந்தவர்கள் பலர். பெரும்பாலும் எங்கோ காற்று திருட்டுத்தனமாக நுழைந்துகொண்டிருக்கும். பி2135 என்றால் ஆக்ஸிலரேட்டர் அல்லது திராட்டிலில் உள்ள இரண்டு உணர்கருவிகள் வெவ்வேறு கணக்குச் சொல்லுகின்றன என்று பொருள். பிளக்கில் ஈரம் புகுந்தாலும் இது வரும்.

ஒன்றை மறவாதீர்கள். எண்ணைக் குறித்துக்கொள்ளாமல் யாரையும் அழிக்க விடாதீர்கள். கோளாறு தோன்றிய கணத்தில் சுழற்சி எவ்வளவு, சூடு எவ்வளவு, பாரம் எவ்வளவு என்ற விவரமும் கூடவே பதிவாகியிருக்கும். அழித்தால் அதுவும் போய்விடும். கோளாறு மட்டும் போகாது. விளக்கு விட்டுவிட்டு மின்னினால் தாமதிக்கக் கூடாது. எரியாத பெட்ரோல் புகைக்குழாய்க்குச் சென்று, அங்குள்ள விலையுயர்ந்த காடலிடிக் கன்வெர்ட்டரைச் சுட்டு அழிக்கும்.

செம்பூர் நேயர் தமது வண்டி எதுவென்று எழுதவில்லை. 2020 ஏப்ரலுக்குப் பின் வாங்கிய டீசல் வண்டியாகவும், அலுவலகத்துக்கும் கடைக்கும் மட்டுமே ஓடுவதாகவும் இருந்தால், கரி வடிகட்டி நிறைந்திருக்கக் கூடும். ஆரம்பத்திலேயே நெடுஞ்சாலையில் இருபது நிமிடம் சீராக ஓட்டினால் கரி தானே எரிந்து தீரும். நொண்டி நடை வந்தபின் பணிமனையில்தான் எரிக்க வேண்டும். எதுவாயினும், பணிமனையாரிடம் எண்ணை எழுதி வாங்குங்கள். "எந்தெந்தக் காரணங்களைச் சோதித்து விலக்கினீர்கள்?" என்று கேளுங்கள். பதிலை எனக்கு எழுதினால் புறப்படும் முன்பே விடை அனுப்புகிறேன்.