நெடி அடித்தால் எழுந்து உட்காரும் பிள்ளை

எண்ணூரில் ராத்திரி காற்று மாறி லேசாக நெடி அடித்தால், பெரியவர்கள் ஜன்னலைச் சாத்திவிட்டுத் திரும்பப் படுத்துவிடுவார்கள். எல்லாப் பிள்ளைகளாலும் அது முடிவதில்லை.

2023 டிசம்பர் 26, நள்ளிரவு நெருங்கும் நேரம். பெரியகுப்பத்தில் கோரமண்டல் உர ஆலைக்குக் கப்பலிலிருந்து அமோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு. கண் எரிச்சலும் மூச்சுத்திணறலுமாக, தூங்கிய பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஜனங்கள் தெருவுக்கு ஓடிவந்தார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். சுனாமி வந்து சரியாக 19 வருடம் முடிந்த நாள் அது!

இருமல் நின்றதும் பிள்ளை தேறிவிட்டதாக வீட்டில் நினைப்பது இயல்பு. ஆனால் பயம் வேறு வேஷத்தில் வரும். சின்னப் பிள்ளை என்றால் விட்டிருந்த படுக்கை நனைப்பது திரும்பும். அம்மா பாத்ரூம் போனாலும் பின்னாலேயே வரும். பத்தாவது படிக்கும் பையன் பயமாக இருக்கிறது என்று சொல்லவே மாட்டான். எரிந்து விழுவான், விடிய விடிய போனோடு கிடப்பான், ஸ்கூலுக்கு மட்டம் போடுவான். இவை ஒரு மாதம் தாண்டியும் நீடித்தால் மனநல ஆலோசனை தேவை.

'டெஸ்ட்' என்றதும் ஷாக் டிரீட்மென்ட்டைக் கற்பனை செய்ய வேண்டாம். ஊசி கிடையாது. உளவியலாளர் பேசுவார், படம் வரையச் சொல்வார், விளையாடவிட்டுக் கவனிப்பார், பெற்றோரிடமும் டீச்சரிடமும் கேள்வித்தாள் தருவார். மார்க் குறைந்ததற்காக பினே-காமத் போன்ற அறிவுத்திறன் சோதனைக்கு அழைத்துப்போனால், அந்த ராத்திரியைப் பற்றியும் மறக்காமல் சொல்லுங்கள். தூக்கம் கெட்டு, பயந்துபோயிருக்கும் பிள்ளைக்கு ஸ்கோர் குறைவாக வரலாம். அந்த ஒரு எண்ணை வைத்து 'இவன் இவ்வளவுதான்' என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

சிகிச்சையில் நடந்ததைக் கொஞ்சம் கொஞ்சமாக வரைந்தோ சொல்லியோ பிள்ளை வெளியே கொண்டுவரும். மூச்சுப்பயிற்சியும் உண்டு. அப்பா, அம்மாவும் கூடவே கற்றுக்கொள்ள வேண்டும். வேறு ஊரில் என்றால், 'அது முடிந்துபோச்சு, இனி வராது' என்று சொல்லி ஆறுதல் தரலாம். எண்ணூரில் ஆலைகள் அங்கேயேதான் இருக்கின்றன. வராது என்று எந்த ஆலோசகரும் சத்தியம் செய்ய முடியாது. செய்தால் பிள்ளையே நம்பாது.

அதனால் இங்கே பயத்தைப் பிரித்துப் பார்க்கப் பழக்குவதுதான் முக்கியம். கருவாடு காயும் வாடை, கழிமுகச் சேற்று வாடை, குப்பை எரியும் புகை இவையெல்லாம் அந்த ராத்திரியை ஞாபகப்படுத்தலாம். ஆனால் அவை அந்த ராத்திரி இல்லை. மூக்கைத் துளைத்து, கண்ணில் நீர் வந்தால் அது வேறு. அப்போது என்ன செய்வது என்பதைப் பகலிலேயே பேசி வையுங்கள். அமோனியா தண்ணீரில் கரையும், அதனால் ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் மூட வேண்டும். காற்று வரும் திசைக்குக் குறுக்காக விலக வேண்டும். தம்பியை யார் தூக்குவது, எந்த வீட்டில் சேருவது என்பதும் முடிவாகட்டும். தனக்கும் ஒரு வேலை இருக்கிறது என்று தெரிந்த பிள்ளைக்குப் பயம் கொஞ்சம் அடங்கும்.

ஒரு எச்சரிக்கை. 2024 அக்டோபர் 25 அன்று திருவொற்றியூர் தனியார் பள்ளி ஒன்றில் நெடியால் 30-க்கும் மேற்பட்ட மாணவர்கள் பாதிக்கப்பட்டார்கள். நவம்பர் 4-ல் பள்ளி திறந்தபோது மறுபடியும் சிலருக்கு மயக்கம். இப்படி நடக்கும்போது 'நடிக்கிறாங்க', 'மனப்பிரமை' என்று யாராவது சொல்லத்தான் செய்வார்கள். முதலில் நுரையீரலைப் பார்க்கட்டும், மனசைப் பிறகு பார்க்கலாம்.

ராயபுரம் பக்கம் ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. எழும்பூரில் குழந்தைகள் நல மருத்துவமனை, கீழ்ப்பாக்கத்தில் அரசு மனநலக் காப்பகம். போகத் தயக்கம் என்றால் 14416-க்கு அழைக்கலாம். இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். 'நாளைக்குக் கல்யாணப் பேச்சில் இது வருமே' என்று தயங்குகிறவர்களுக்கு: சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைத்திருக்க வேண்டும் என்பது 2017 மனநலச் சட்டத்திலேயே இருக்கிறது.