விமானி விலகினால் துரோகம், கம்பெனி மூடினால் சட்டமா?

2023-ம் ஆண்டில் நமது நாட்டின் விமானத் தொழிலில் இரண்டு சம்பவங்கள் நடந்தன. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் முதலாளிகளின் நியாயம் எத்தகையது என்பது வெட்ட வெளிச்சமாகும்.

மே மாதம் 2-ந் தேதி கோ ஃபர்ஸ்ட் என்ற விமானக் கம்பெனி திவால் மனுப் போட்டது. மறுநாளே அதன் விமானங்கள் நின்றன. டிக்கெட் வாங்கியவர்கள் நிலையங்களில் தவித்தார்கள். விமானிகள், பணிப்பெண்கள், மெக்கானிக்குகள் என்று ஆயிரக்கணக்கானோர் சம்பள பாக்கியோடு தெருவில் நின்றார்கள். வாங்கிய சரக்கிலேதான் கோளாறு, விமான என்ஜின்கள் பழுது என்று நிர்வாகம் காரணம் சொல்லிற்று. கோர்ட் ஏறி இறங்கி, 2025 ஜனவரியில் கம்பெனியைக் கலைக்க உத்தரவாயிற்று. இதை யாரும் துரோகம் என்று சொல்லவில்லை. இதற்குப் பெயர் திவால் சட்டம்.

அதே ஆண்டு செப்டம்பரில் இரண்டாவது சம்பவம். ஆகாசா ஏர் என்ற சிறிய கம்பெனி முந்திய ஆண்டு ஆகஸ்டில்தான் பறக்கத் தொடங்கியது. அதன் கையில் இருந்தவை ஏறத்தாழ இருபது விமானங்கள். அங்கிருந்து 43 விமானிகள் முன்னறிவிப்புக் காலத்தை முடிக்காமல் வேறு கம்பெனிகளுக்குப் போய்விட்டார்கள். அந்த ஒரு மாதத்தில் மட்டும் 600, 700 பயணங்கள் ரத்தாகும் என்று கம்பெனி டில்லி ஹைக்கோர்ட்டில் சொன்னது. விலகியவர்கள் நெறி தவறியவர்கள், சுயநலக்காரர்கள் என்று தூற்றியது. நஷ்ட ஈடு கேட்டு பம்பாய் ஹைக்கோர்ட்டிலும் வழக்குத் தொடுத்தது.

விமானிகள் கொடுக்க வேண்டிய முன்னறிவிப்பு எவ்வளவு தெரியுமா? துணை விமானிக்கு ஆறு மாதம். தலைமை விமானிக்கு ஒரு வருஷம்! 2017-ல் விமானப் போக்குவரத்து டைரக்டரேட் வகுத்த விதி இது. மாதச் சம்பளம் வாங்கும் மில் தொழிலாளி வேலையை விட ஒரு மாத நோட்டீஸ் போதும் என்கிறது மாதிரி நிலையாணை. பெரிய ஆலைகளைத் தவிர்த்தால், ஆட்குறைப்புச் செய்யும் முதலாளி கொடுக்க வேண்டியதும் ஒரு மாதந்தான். விமானிக்கு மட்டும் பன்னிரண்டு மாதம். தொழிலாளியைக் கட்டும் கயிறு இத்தனை நீளம். முதலாளியைக் கட்டும் கயிறு எங்கே?

“அவர்கள் லட்சங்களில் சம்பளம் வாங்குகிறவர்கள். அவர்கள் கதை நமக்கெதற்கு?” என்று நமது வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. நூற்பாலையில் ஷிப்டுக்கு நிற்பவருக்கும் நடவு நடும் தாய்க்கும் கிடைக்கும் கூலி எங்கே, அது எங்கே? ஆனால் அந்த உத்தியோகத்தில் ஏறுவதற்கே பலர் பெருந்தொகை கடன் பட்டுப் படிக்கிறார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. கூலி கூடுதல் என்பதால் உழைப்பை விற்றுப் பிழைப்பவன் முதலாளி ஆகிவிட மாட்டான். பைலட்டின் கழுத்தில் மாட்டிய நுகத்தடியை நாளை மெக்கானிக்கின் கழுத்திலும், மறுநாள் மில் மேஸ்திரியின் கழுத்திலும் மாட்டத் தயங்க மாட்டார்கள்.

ஏன் ஓடினார்கள்? 2023 பிப்ரவரியில் ஏர் இந்தியா 470 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தது. ஜூனில் இண்டிகோ 500-க்குக் கொடுத்தது. விமானத்தைக் கடையில் வாங்கலாம். விமானியை அப்படி வாங்க முடியாது. ஒருவரைப் பழக்கித் தயார் செய்ய மாதக் கணக்காகும் என்று டைரக்டரேட்டே சொல்கிறது. பெரிய கம்பெனிக்குப் புதிய ஆளைப் பழக்குவதைவிடச் சிறிய கம்பெனியில் பழகிய ஆளைக் கூடுதல் சம்பளம் காட்டி இழுப்பது லாபம். சிறிய கம்பெனியில் ஆள் குறைவு. ஒருவர் விலகினால் மிச்சமிருப்பவர் தலையில் அவர் வேலையும் விழுகிறது, லீவு மறுக்கப்படுகிறது, அடுத்தவரும் வாசலைப் பார்க்கிறார். ஆள் நிற்காத இடத்தில் குறை ஆட்களிடம் மட்டும் இருக்குமா? 2024 டிசம்பரில் ஆகாசா விமானிகளில் ஒரு பகுதியினர் பயிற்சி முறையைப் பற்றியும் நிர்வாகம் நடத்தும் விதத்தைப் பற்றியும் மந்திரிக்கு மனு எழுதினார்கள். ஆதாரமற்றது என்று நிர்வாகம் தள்ளிவிட்டது.

சர்க்கார் யார் பக்கம்? வார ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணியாக உயர்த்தும் விதி 2024 ஜனவரியில் வெளியாயிற்று. ஜூனில் அமலாக வேண்டியது, கம்பெனிகள் ஆட்சேபித்ததும் தள்ளிப் போயிற்று. விமானி சங்கங்கள் கோர்ட்டுக்குப் போன பிறகே 2025 ஜூலையில் அமலாயிற்று. போதிய ஏற்பாடு செய்யாத இண்டிகோ அந்த டிசம்பரில் ஆயிரக்கணக்கான பயணங்களை ரத்துச் செய்தபோதோ, சர்க்கார் விதியையே தளர்த்திக் கொடுத்தது. களைத்த கண்களோடு நள்ளிரவில் விமானத்தை இறக்குகிறவன் கையில் நூற்றைம்பது உயிர்கள் இருக்கின்றன. அவனுடைய ஓய்வு ஜனங்களின் பாதுகாப்பு. அதைப் பேரம் பேச எவருக்கும் உரிமையில்லை.

விமானிகளுக்கும் ஒரு வார்த்தை. தனித்தனியே ஓடுவதால் பிரச்னை தீராது. ஓடியவர் இடத்தில் வேறொருவர் வருவார். நுகத்தடி அங்கேயே இருக்கும். 2009-ல் ஜெட் ஏர்வேஸ் நிர்வாகம் சங்கம் அமைத்த குற்றத்துக்காக இரண்டு விமானிகளை வேலை நீக்கம் செய்தது. நூற்றுக்கணக்கான விமானிகள் ஐந்து நாள் ஒரு சேர மருத்துவ விடுப்பில் போனார்கள். நிர்வாகம் இறங்கி வந்தது. நீக்கப்பட்டவர்கள் வேலைக்குத் திரும்பினார்கள். நாற்பத்து மூன்று பேர் நாற்பத்து மூன்று கதவுகள் வழியாக வெளியேறியதில் கிடைக்காதது, ஒரே வாசலில் ஒன்றாக நின்றபோது கிடைத்தது. ஆலை வாசலில் நின்று பழகிய நமது தொழிலாளிகளுக்கு இந்தப் பாடம் புதிதல்ல.

தொழிலாளிக்கு ஒரு வருஷ நோட்டீஸ் என்றால், மூடும் முதலாளிக்கும் ஒரு வருஷ நோட்டீஸும் ஒரு வருஷச் சம்பளமும் என்று சட்டம் வரட்டும். அது முடியாதென்றால் இருவருக்கும் ஒரே அளவு வையுங்கள். ஓய்வு விதியில் எந்தக் கம்பெனிக்கும் சலுகை கூடாது. சங்கம் அமைக்கும் உரிமையை அங்கீகரிக்க வேண்டும். ஆட்களைச் சங்கிலியால் நிறுத்தி வைக்க முடியாது. நியாயமான கூலியும் ஓய்வும் மரியாதையும் கொடுத்தால் அவர்கள் தாமாகவே நிற்பார்கள்.