இரு மருத்துவரும் அறியட்டும்



எச்.ஐ.வி. என்ற சொல்லை உச்சரிக்கவே நம் இல்லங்களில் அஞ்சுகிறோம். மாதவிடாய் நிற்பதைப் பற்றிப் பேச நாணுகிறோம். இவ்விரண்டும் ஒரே பெண்ணிடம் வந்து சேர்ந்தால் அவள் யாரிடம்தான் சொல்வாள்?

1986-இல் டாக்டர் சுனிதி சாலமன் குழுவினர் இக்கிருமியைச் சென்னையில் முதன்முதலாகக் கண்டறிந்தபோது, அது மரண ஓலையாகவே கருதப்பட்டது. 2004 முதல் அரசு மருத்துவமனைகளில் கூட்டு மருந்து படிப்படியாக இலவசமாக வழங்கப்பட்டது. அல்லாஹ்வின் அருளால், அன்று இளம்பெண்களாயிருந்தோர் இன்று ஐம்பதைத் தொடுகின்றனர். அவர்களுள் பலர் கணவர் வழியாகவே இந்நோயைப் பெற்றவர்கள்.

அவ்வயதில் உடல் திடீரெனக் கொதிப்பதும், இரவில் வியர்வையால் ஆடை நனைவதும், உறக்கம் கெடுவதும் இயல்பே. ஆயினும் இரவு வியர்வை காசநோயின் அறிகுறியும் ஆகும். இக்கிருமி உடையோரைக் காசநோய் எளிதில் பற்றும். எனவே, "வயதுக் கோளாறு" என்று ஒதுக்கிவிடாமல், ஏ.ஆர்.டி. மையத்தில் சொல்லிப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

மாதவிடாய் நின்றபின் எலும்பு வலுவிழக்கும். இக்கிருமியும், டெனோபோவிர் என்னும் மருந்தின் ஒரு வகையும் அதனை மிகுதிப்படுத்தும். நோயை அறியாத மகளிர் மருத்துவர் கால்சியம் மாத்திரை எழுதித் தருவார். அதனை டோலுடெக்ராவிர் மருந்துடன் வெறும் வயிற்றில் உண்டால், உயிர் காக்கும் அம்மருந்து உடலில் சரிவரச் சேராது. கால்சியத்துக்கு 2 மணி நேரம் முன்னரோ, 6 மணி நேரம் பின்னரோ டோலுடெக்ராவிரை உண்ண வேண்டும். அல்லது இரண்டையும் உணவுடன் சேர்த்து உண்ணலாம். இரும்புச்சத்து மாத்திரைக்கும் இதுவே விதி. ரமலானில் மருந்துண்ணும் நேரத்தை மருத்துவரைக் கேட்டே மாற்றுங்கள்.

மாதவிடாய் நின்று ஓராண்டு கழிந்தபின் உதிரம் கண்டால், ஒரு நாளும் தாமதியாதீர்கள். கருப்பைவாய்ப் புற்றுநோய் இவர்களுக்கு ஏனையோரைவிட ஏறத்தாழ 6 மடங்கு அதிகம்.

ஆகவே சகோதரியே! மகளிர் மருத்துவரிடம் உங்கள் கிருமியையும் மருந்தையும் கூறுங்கள், ஏ.ஆர்.டி. மருத்துவரிடம் மாதவிடாய் நின்றதைக் கூறுங்கள். உங்கள் இசைவின்றி உங்கள் நிலையைப் பிறருக்கு வெளியிடுவதை 2017-ஆம் ஆண்டுச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது.

குடும்பத்தாருக்கும் ஒரு சொல்: புறம் பேசுவது நம் மார்க்கத்தில் பெரும்பாவம். மாமியாரும் நாத்தனாரும் நாவைக் காத்தால், அவள் வாய் திறப்பாள். இன்ஷா அல்லாஹ், நலமும் பெறுவாள்.