ஆய்வு மாணவருக்குத் துணை நிற்குமா கல்லூரி நூலகம்?

1907இல் அயோத்திதாசப் பண்டிதர் சென்னையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ வார இதழைத் தொடங்கினார். 1914இல் அவர் மறைந்தார். அதன்பின் பல பத்தாண்டுகள் அவருடைய எழுத்துகள் பெரும்பாலோர் கைக்கு எட்டவில்லை. ஞான. அலாய்சியஸ் அவற்றைத் தொகுக்க, பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் 1999இல் நூலாக வெளியிட்டது. அதன் பிறகே அயோத்திதாசர் பற்றிய ஆய்வுகள் பெருகின. ஒரு கல்லூரி மனம் வைத்தால் மறைக்கப்பட்ட வரலாறும் மீளும்.

ஆனால், கிராமப்புறக் கல்லூரி நூலகங்கள் பலவும் பாடநூல் கொடுத்து வாங்கும் இடமாகவே நின்றுவிட்டன. குடும்பத்தின் முதல் பட்டதாரியாக ஆய்வில் இறங்கும் தலித் மாணவருக்கு வழிகாட்ட வீட்டில் ஆளில்லை. நூல் வாங்கவும், சென்னையில் தங்கித் தேடவும் பணமில்லை. அவருக்கு நூலகர்தான் முதல் துணை.

இதற்குப் பெரும் செலவு தேவையில்லை. ‘ஷோத்கங்கா’ தளத்தில் பல்கலைக்கழக ஆய்வேடுகளை யாரும் இலவசமாகப் படிக்கலாம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் அரிய பழைய நூல்களும் இதழ்களும் உள்ளன. ‘என்-லிஸ்ட்’ திட்டத்தில் கல்லூரி உறுப்பினரானால், ஆய்விதழ்களை மாணவர் வீட்டிலிருந்தே படிக்க முடியும். அதற்கான கடவுச்சொல்லைக் கல்லூரிதான் பெற்றுத்தர வேண்டும். இவற்றில் தேடும் முறையை ஆய்வின் தொடக்கத்திலேயே நூலகர் கற்றுத்தர வேண்டும். வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்களுக்காக மாலையிலும் விடுமுறை நாளிலும் நூலகம் திறந்திருக்க வேண்டும்.

இன்னொரு கடமையும் உண்டு. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் 1891இல் அளித்த அறிக்கையிலிருந்தே பஞ்சமி நிலத்தின் வரலாறு தொடங்குகிறது. அந்த நிலம் பின்னர் யார் கைக்குப் போனது என்று ஆராய, அறிக்கை மட்டும் போதாது. ஊரிலுள்ள ஆவணங்களும் வேண்டும். பழைய பட்டா, மனுவின் நகல், சங்கத் தீர்மானம், போராட்டத் துண்டறிக்கை எனப் பலவும் நம் குடியிருப்புகளில் டிரங்குப் பெட்டிகளில் கிடந்து செல்லரிக்கின்றன. நூலகங்கள் அவற்றைப் படியெடுத்துக்கொண்டு, மூலத்தை உரியவரிடமே திருப்பித் தர வேண்டும். பெரியவர்களின் நினைவுகளையும் ஒலிப்பதிவு செய்ய வேண்டும்.

கல்லூரி நிர்வாகங்கள் இந்தக் கல்வியாண்டிலேயே இதைத் தொடங்கட்டும். மாணவர்களும் தயங்க வேண்டாம். நூலகரின் உதவி சலுகை அல்ல, உரிமை. கேட்டுப் பெறுங்கள்.