துருவும் தேய்வும்

போரைப் பற்றிய நூல்களில் சில பக்கங்களை நம்மில் பலர் விரைந்து கடந்துவிடுகிறோம். வீரமும் துரோகமும் மரணமும் வரும் இடங்களில் நின்று வாசிக்கிற நாம், எண்ணெயும் கந்தல் துணியும் கம்பியும் வரும் இடங்களை வெறும் கருவிச் செய்தி என்று ஒதுக்கிவிடுகிறோம். ஜார்ஜ் ஆர்வெல் ஸ்பானிய உள்நாட்டுப் போர் குறித்து எழுதிய 'ஹோமேஜ் டு கேட்டலோனியா' (1938) நூலை அப்படி வாசித்தால், அதன் அரசியலின் பாதியை இழந்துவிடுவோம் என்பதே நம் கருத்து.

1937 ஜனவரியில் அராகன் போர்முனையில், மார்க்சிய ஐக்கியத் தொழிலாளர் கட்சியின் மக்கள்படையில் நின்ற ஆர்வெல்லுக்குக் கிடைத்தது 1896ஆம் ஆண்டு முத்திரையிட்ட ஜெர்மானிய மௌசர். நாற்பது வயதுத் துப்பாக்கி. குழலின் வாய்வழியே ஒருமுறை உள்ளே பார்த்ததுமே, அது அரித்துப்போய் மீட்க முடியாத நிலையில் இருப்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. 1922 முதல் 1927 வரை பர்மாவில் காவல்துறை அதிகாரியாக இருந்தவரின் கண் அது.

துப்பாக்கிக்குரிய எண்ணெய் அங்கே இல்லை. ஆலிவ் எண்ணெய், வாசலின், முகத்துக்குப் பூசும் கோல்டு கிரீம், பன்றிக் கொழுப்பு என்று கிடைத்ததையெல்லாம் பூசியிருக்கிறார். குழலைத் துடைக்க வேண்டுமானால் சார்ஜெண்டிடம் போக வேண்டும். அவரிடம் இருந்த நீண்ட பித்தளைக் கம்பியோ எப்போதும் வளைந்தே கிடந்து, குழலின் உள்வரிகளைக் கீறிவிடும். துடைத்தாலும் கேடு, துடைக்காவிட்டாலும் கேடு!

இது ஏன் அற்பச் செய்தியன்று என்பதை அறிய, குழலின் உட்புறத்தைச் சற்று அறிய வேண்டும். உள்ளே திருகிச் செல்லும் பள்ளவரிகளே குண்டைச் சுழலச் செய்கின்றன. அந்தச் சுழற்சியே அதை நேராகச் செலுத்துகிறது. அக்காலத் தோட்டாக்களின் பற்றுமருந்தில் பொதுவாகப் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. வெடித்தபின் அது ஒருவகை உப்பாகக் குழலில் படிந்து, காற்றின் ஈரத்தை ஈர்த்து இரும்பை அரிக்கும். எண்ணெயில் அவ்வுப்பு கரையாது. கொதிநீர் ஊற்றிக் கழுவி, நன்கு துடைத்து உலர்த்தி, அதன் பிறகே எண்ணெய் இட வேண்டும். உப்பைக் கழுவாமல் மேலே கொழுப்பைப் பூசினால், வெளியே மினுக்கும் உள்ளே அரிப்புமே மிஞ்சும். அரித்துக் குழிந்த வரிகளை எந்தத் துடைப்பும் மீட்டுத் தராது.

தமிழ் படித்த நமக்கு இங்கே புறநானூற்றின் 95ஆம் பாட்டு நினைவுக்கு வராமல் போகாது. அதியமானுக்காகத் தூது சென்ற ஔவையார், தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலைக் காண்கிறார். அங்கே கருவிகள் பீலியும் மாலையும் சூடி, நெய் பூசப்பட்டுக் காவல்மனையில் பளபளக்கின்றன. அதியமானின் வேல்களோ பகைவரைக் குத்தி நுனி முரிந்து கொல்லனின் பட்டறையில் கிடக்கின்றன. புகழ்வதுபோல் பழிக்கும் அந்தப் பாட்டை வகுப்பில் நடத்தும்போதெல்லாம், பழுதுபட்ட கருவியே வீரத்தின் சான்று என்று சொல்லி முடித்துவிடுகிறோம்.

அந்த முடிவை அப்படியே அராகனுக்குப் பொருத்த முடியாது. ஔவை காட்டுவது தேய்வு; ஆர்வெல் காட்டுவது துரு. தேய்வு பயன்பாட்டால் வருவது. துரு புறக்கணிப்பால் வருவது. அதியமானின் வேலுக்கு ஒரு கொல்லன் இருந்தான், பட்டறை இருந்தது; அதைச் செப்பனிடும் பொறுப்பை யாரோ ஏற்றிருந்தார்கள். அந்த மௌசருக்கு ஒரு நேரான கம்பிகூட இல்லை. போராளியின் வறுமையைக் காவியமாக்கும் விமர்சனம் இந்த வேறுபாட்டை மறைத்துவிடுகிறது. உடைந்த கருவியோடு நின்றான் என்று வியக்கிறோம். உடைந்த கருவியை அவன் கையில் கொடுத்தது யார் என்று கேட்க மறக்கிறோம்.

ஆர்வெல் அதைக் கேட்டார். 1937 மே மாதம் பார்சிலோனாவில், அரசின் தாக்குதல் காவலர்கள் 'ரஷ்யத் துப்பாக்கி' எனப்பட்ட புதிய துப்பாக்கிகளுடன் வந்து இறங்கியதைக் கண்டார். பதினைந்து வயதுப் பையன்களை நாற்பது ஆண்டுப் பழைய துப்பாக்கிகளோடு போர்முனைக்கு அனுப்பிவிட்டு, திடகாத்திரமான ஆட்களையும் புதிய ஆயுதங்களையும் பின்னணியில் வைத்திருக்கும் அரசு, பாசிஸ்டுகளைவிடப் புரட்சிக்கே அதிகம் அஞ்சுகிறது என்ற முடிவுக்கு வந்தார். இது எந்தக் கொள்கை நூலிலிருந்தும் பெற்ற முடிவன்று. குழலுக்குள் எட்டிப் பார்த்த கண், நகரத்தின் தெருவையும் பார்த்ததால் பிறந்தது. தொண்டைமானின் நெய் பூசிய கொட்டில் பார்சிலோனாவில்தான் இருந்தது.

ஆகவே நண்பர்களே, போர் இலக்கியத்தில் எண்ணெய்க் கிண்ணமும் கந்தல் துணியும் வரும் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். மேடையில் முழங்கப்படும் கொள்கைகள் கடைசி மனிதனின் கைக்கு எந்த நிலையில் வந்து சேர்ந்தன என்பதற்கான கணக்கு அங்கேதான் எழுதப்பட்டிருக்கிறது.