தேரைக்குப் பல் இல்லை



ஐப்பசி மழை இரண்டு நாள் விடாமல் பெய்தால் போதும். எளாவூர் பக்கம் குட்டைகள் நிரம்பிவிடும். ரயில் பாதையோரப் பள்ளம், கும்மிடிப்பூண்டி சிப்காட் சுவரோரம், வீட்டுக் கொல்லை எல்லா இடத்திலும் தண்ணீர். இருட்டியதும் கச்சேரி தொடங்கிவிடும். தவளைகளோடு தேரைகளும் சேர்ந்து பாடும். அக்கம்பக்கத்துத் தெலுங்குப் பிள்ளைகளுக்கு எல்லாமே 'கப்ப'தான்!

இந்தக் கச்சேரிக் காலத்தில்தான் ஒரு விபரீதமும் நடக்கும். வீட்டு நாய் கொல்லைப்புறம் ஓடும். எதையோ கவ்வும். அடுத்த நொடியே துப்பும். தலையை உதறிக்கொண்டு, முன்னங்காலால் வாயைத் தேய்த்துக்கொண்டு வரும். வாயெல்லாம் நுரை!

பார்த்தவர்கள் என்ன நினைப்பார்கள்? 'பாம்பு கடித்துவிட்டது' என்பார் ஒருவர். 'வெறி பிடித்துவிட்டது' என்று தடியைத் தேடுவார் இன்னொருவர். பாவம், அந்த நாய் கவ்வியது ஒரு தேரையை. ஒன்றும் தெரியாத அவசரத்தில் நாயும் அடி வாங்கும், மறுநாள் கொல்லையில் இருக்கும் தேரைகளும் கல்லடி வாங்கும். இந்த இரண்டுமே வேண்டாம் என்பதற்காகத்தான் இந்த வாரம் தேரையைப் பற்றி எழுதுகிறேன்.

முதலில் ஆளை அடையாளம் தெரிந்துகொள்ளுங்கள். தவளைக்கு வழவழப்பான ஈரத் தோல், நீண்ட பின்னங்கால், பெரிய தாவல். தேரைக்கு உலர்ந்த சொரசொரப்பான தோல், குட்டைக் கால், சின்னச் சின்னக் குதி. அதனால்தான் சொறித்தவளை என்றும் சொல்கிறோம். கண்ணைச் சுற்றி மை தீட்டியதுபோல் கறுப்பு விளிம்பு இருக்கும். (குளியலறைச் சுவரில் ஒட்டிக்கொண்டு உங்களை அலறவைக்கும் மரத்தவளையையும் சிலர் தேரை என்பார்கள். அது வேறு ஆள்.)

தேரையின் கண்ணுக்குப் பின்னால், இரண்டு பக்கமும் புடைப்பாக ஒன்று தெரியும். அதுதான் விஷப் பை. கடித்து அழுத்தினால் வெள்ளையாகப் பால்போல் கசியும். இதயத்தின் துடிப்பையே தடுமாற வைக்கும் சரக்கு அது. முட்டையிலும் விஷம் உண்டு. தேரையைச் சமைத்துச் சாப்பிட்டு இறந்தவர்களும் உண்டு. கொதிக்க வைத்தாலும் அந்த விஷம் போகாது.

இவ்வளவு விஷம் வைத்திருந்தும் தேரையால் யாரையும் கடிக்க முடியாது. அதற்குப் பல்லே கிடையாது! பாம்பைப்போல் விஷத்தை ஏற்றும் ஊசியும் இல்லை. தன்னைக் கவ்வுகிற வாய்க்கு மட்டும்தான் அது விஷம். சும்மா உட்கார்ந்திருக்கும் தேரை உங்களை ஒன்றும் செய்யாது. தொட்டால் மரு வரும் என்பதும் கட்டுக்கதை. மரு வருவது வைரஸால். தூக்கினால் கையை நனைக்குமே, அது விஷமல்ல. பயத்தில் விடும் சிறுநீர். ஆனாலும் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் கண்ணைக் கசக்காதீர்கள், எரியும்.

தேரை மேல் சுமத்தப்பட்ட பழிகள் கொஞ்சமா! உள்ளே பருப்பில்லாத தேங்காயை 'தேரை மோந்த தேங்காய்' என்கிறோம். மகரந்தச் சேர்க்கை சரியில்லாததும் மரத்துக்குச் சத்துக் குறைவதும்தான் அதற்குக் காரணம். குழந்தை மெலிந்தால் 'தேரை விழுந்த பிள்ளை' என்பார்கள். அது சத்துக்குறைவு. அந்தப் பிள்ளைக்கு வேண்டியது நல்ல உணவும் டாக்டரும். ஓர் ஊமைப் பிராணி கிடைத்தால் எல்லாப் பழியையும் அதன் தலையில் போட்டுவிடுகிறோம்.

சரி, நாய்க்கு வருவோம். உங்கள் வீட்டு நாய் தேரையைக் கவ்வியது தெரிந்தால் உடனே பெரியவர்களைக் கூப்பிடுங்கள். அவர்கள் நாயின் தலையைக் கீழ்நோக்கிச் சாய்த்துப் பிடித்து, வாயின் பக்கவாட்டில் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். தண்ணீர் தொண்டைக்குள் போகாமல் வெளியே வழிய வேண்டும், அதுதான் முக்கியம். ஈறையும் நாக்கையும் ஈரத் துணியால் துடைக்கலாம். துணியை அலசி அலசிப் பத்து நிமிடம்போல் செய்யலாம். உப்புத் தண்ணீர், புளித்தண்ணீர், பால் என்று எதையும் வாயில் ஊற்றிப் புகட்டக் கூடாது. பெரும்பாலான நாய்கள் பிழைத்துவிடும். ஆனால் தள்ளாடினாலோ, வாந்தி எடுத்தாலோ, வலிப்பு வந்தாலோ ஒரு நிமிடமும் தாமதிக்காமல் கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும். சின்னக் குட்டி என்றால் எதற்கும் காத்திருக்கவே வேண்டாம். 1962 என்ற எண்ணில் கூப்பிட்டும் உதவி கேட்கலாம்.

ஒரு கண்டிப்பான வார்த்தை. நுரை தள்ளும் தெருநாயின் பக்கம் நீங்கள் போகவே கூடாது. அது தேரையா, வெறிநோயா என்று கண்டுபிடிப்பது உங்கள் வேலை அல்ல. எந்த நாய் கடித்தாலும், கீறினாலும் கால் மணி நேரம் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். வீட்டில் திட்டுவார்களே என்று மறைக்காதீர்கள்.

'இவ்வளவு தொல்லை எதற்கு? தேரையைக் கொன்றுவிட்டால் போயிற்று' என்று உங்களில் சிலர் முணுமுணுப்பது கேட்கிறது. தேரை இரவெல்லாம் எறும்பு, கரையான், வண்டு என்று தின்று தீர்க்கிறது. நம் தோட்டத்துக்குச் சம்பளமில்லாத காவல்காரன். அதன் மேல் உப்பைத் தூவி வேடிக்கை பார்க்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். தேரை தண்ணீரைக் குடிப்பதே தோல் வழியாகத்தான். அந்தத் தோலில் உப்பைப் போட்டால் எப்படித் துடிக்கும்! அது விளையாட்டு இல்லை.

நம் ஊரில் தேரைக்கு எதிராளிகளும் இருக்கிறார்கள். சாரைப் பாம்பும் நல்ல பாம்பும் தேரையை விழுங்கிவிட்டுச் சுகமாகப் போகும். காலங்காலமாகச் சேர்ந்து வாழ்ந்ததில் அந்த விஷம் அவற்றுக்குப் பழகிவிட்டது. (தேரை இருந்தால் பாம்பு வரும் என்று பாட்டி சொல்வது பொய்யில்லை. இரவில் கொல்லைக்குப் போனால் டார்ச் எடுத்துப் போங்கள்.)

அப்படிப் பழகாத ஊருக்குத் தேரை போனால் என்ன ஆகும்? கரும்பு வண்டை ஒழிக்க என்று 1935இல் ஆஸ்திரேலியாவுக்கு ஹவாயிலிருந்து சுமார் நூறு பெரிய தேரைகளைக் கொண்டுபோனார்கள். வண்டு ஒழியவில்லை. தேரை கோடிக்கணக்கில் பெருகி, அதைத் தின்ற உடும்புகள் செத்து விழுந்தன. அது அமெரிக்கக் கண்டத்துத் தேரை. நம் கொல்லைத் தேரை இனமே மடகாஸ்கர் தீவின் துவாமசினா துறைமுகப் பக்கம் பரவியிருப்பது 2014இல் தெரியவந்தது. தென்கிழக்கு ஆசியாவிலிருந்து சரக்குப் பெட்டியில் ஒளிந்து போயிருக்க வேண்டும் என்கிறார்கள். அங்கே 77 வகைப் பிராணிகளைச் சோதித்ததில், 76 வகைக்கு இந்த விஷத்தைத் தாங்கும் சக்தி இல்லை என்று 2018இல் வெளியான ஆய்வு சொன்னது. எளாவூர் சோதனைச்சாவடியில் வரிசை கட்டி நிற்கும் லாரிகளைப் பார்க்கும்போது இது நினைவுக்கு வரும். தேரை தானாகக் கடல் தாண்டவில்லை, நாம்தான் தாண்ட வைத்தோம்.

ஆகவே கொல்லவும் வேண்டாம், பிடித்து வேறு ஊரில் விடவும் வேண்டாம். நாயையும் தேரையையும் பிரித்து வைத்தால் போதும். மழை இரவுகளில் நாயை வீட்டுக்குள் படுக்க வையுங்கள். கொல்லை விளக்கை அணைத்துவிடுங்கள். விளக்குக்குப் பூச்சி வரும், பூச்சிக்குத் தேரை வரும், தேரைக்கு நாய் வரும். நாய்க்கு வைக்கும் தண்ணீர்க் கிண்ணத்தை இரவில் உள்ளே எடுத்துவிட்டுக் காலையில் புதுத் தண்ணீர் ஊற்றுங்கள். வாசற்படியில் தேரை உட்கார்ந்திருந்தால் துடைப்பத்தால் மெல்லத் தள்ளினால் போய்விடும்.

கொல்லையில் சிமென்ட் தொட்டி இருக்கிறதா? வலைபோட்டு மூடச் சொல்லுங்கள். மூட முடியாவிட்டால், ஒரு பழைய பலகையை உள்ளே சாய்த்து வையுங்கள். செங்குத்துச் சுவரில் ஏறத் தெரியாமல் தேரை இரவெல்லாம் நீந்திக் களைத்து மூழ்கிவிடும். பலகை இருந்தால் ஏறி வெளியே வந்துவிடும். காலையில் தொட்டியை எட்டிப் பார்க்கும்போது, பலகையில் ஈரத் தடம் தெரிகிறதா என்று பாருங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்